சுவாச வைரசின் மேற்பரப்புப் புரதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழையோடு மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு தடிமனும் காய்ச்சலும் வரும். “தடுப்பூசியிலிருந்து தப்புவதற்காக வைரஸ் தன்னை மாற்றிக்கொள்கிறது” என்ற விளக்கமும் கூடவே வரும். கல்லடியிலும் கல்முனையிலும் உயர்தர உயிரியல் மாணவர்கள்கூட இப்படித்தான் எழுதுகிறார்கள்.

வைரசுக்கு நோக்கம் கற்பிப்பதுதான் முதல் தவறு. மிகப் பெரிய தவறும் அதுவே. இன்புளுவன்சா தன் பரம்பரைப் பொருளான ஆர்.என்.ஏ.யைப் பிரதி செய்யும்போது பிழைகளைத் திருத்தும் நொதியம் அதனிடம் இல்லை. அந்தப் பிழைகளான விகாரங்கள் குருட்டாம்போக்கில் விழுகின்றன. அவற்றில் பல, வைரசுக்கே கேடானவை. வைரசின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தில், நமது உடல் உருவாக்கும் பிறபொருளெதிரி பற்றும் இடம் தற்செயலாக மாறிய பிரதிகள் தப்பிப் பெருகுகின்றன. விகாரம் முந்தியது, தேர்வு பிந்தியது. கொரோனாவுக்குத் திருத்தும் நொதியம் உண்டு. ஆனாலும் கோடிக்கணக்கானோரில் பெருகியதால் அதன் மேற்பரப்பிலுள்ள ஸ்பைக் புரதமும் மாறியது.

விகாரங்களை எண்ணிப் பயப்படுவதும் வீண். எங்கே விழுந்தது என்பதே கேள்வி. இன்புளுவன்சா ஏ-யின் ஒரு வகையான எச்3என்2 வைரசில் 1968 முதல் 2003 வரை நிகழ்ந்த பெரிய எதிர்ப்பியல் மாற்றங்களுக்கு, அதாவது பழைய பிறபொருளெதிரிகள் சரியாகப் பற்றாதபடி வந்த மாற்றங்களுக்கு, ஹீமக்ளூட்டினின் கலத்தோடு ஒட்டும் பகுதிக்கு அருகிலுள்ள வெறும் 7 இடங்களே பெரும்பாலும் காரணம்.

சிறு விகாரங்கள் சேர்ந்து வரும் படிப்படியான நகர்வையும், வேறு வைரசின் துண்டங்கள் கலந்து வரும் திடீர்ப் பெயர்வையும் குழப்பாதீர்கள். இன்புளுவன்சா ஏ-யின் பரம்பரைப் பொருள் 8 துண்டங்களாக இருக்கிறது. மனித வைரசோடு பறவை வைரசின் துண்டங்கள் கலந்ததால் 1957இலும் 1968இலும் உலகத் தொற்றுகள் வந்தன. கொரோனாவுக்குத் துண்டங்களே இல்லை, ஆகவே அதற்கு இந்தக் கதை பொருந்தாது.

எல்லா வைரசும் ஒரே வேகத்தில் மாறும் என்று நினைப்பவர்கள் சின்னமுத்தை (தட்டம்மையை) பார்க்கட்டும். 1954இல் பிரித்தெடுத்த வைரசிலிருந்து உருவான தடுப்பூசி இன்றும் காக்கிறது. ஒரே வைரசுக்குள்ளும் வேறுபாடு உண்டு: குழந்தைகளை வாட்டும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரசின் மேற்பரப்பில் ஜி புரதம் பெரிதும் மாறுகிறது, எஃப் புரதம் அவ்வளவாக மாறுவதில்லை. புதிய தடுப்பூசிகள் எஃப்பைக் குறிவைப்பது அதனால்தான்.

“ஊசி போட்டும் தடிமன் வந்துவிட்டது, வைரஸ் மாறிவிட்டதாம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டவும் வேண்டாம். சாதாரணத் தடிமன் பெரும்பாலும் ரைனோ வைரசின் வேலை. அதில் 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இன்புளுவன்சா ஊசி அவற்றில் எதற்கும் போடப்பட்டதல்ல.