லியர் நாடகம் போடுகிறீர்களா? வேலைக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ காட்சிகளைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். உங்கள் ஊரிலும் செய்ய நினைத்தால், என் முறை இதுதான்.

முதலில் ராஜா வேடத்துக்கு ஆள் பார்க்காதீர்கள். குரல் கனத்த பையன் ஒருவன் இருப்பான், எல்லாரும் அவனையே கைகாட்டுவார்கள். பொறுங்கள். ராஜாவின் அதிகாரம் எதிரே நிற்பவனின் உடம்பில்தான் தெரியும். அதனால் ஏவல் செய்பவர்களை முதலில் பழக்குங்கள்.

பிரதியில் கட்டளை வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, யார் சொன்னது, நடந்ததா இல்லையா என்று ஓரத்தில் எழுதுங்கள். முதல் காட்சியில் லியர் வாய் திறந்தால் போதும், நாடு மகள்களுக்குப் பிரிகிறது, எதிர்த்துப் பேசிய பிரபு கென்ட் நாடு கடத்தப்படுகிறான். அதே அங்கத்தின் நான்காம் காட்சியில் சாப்பாடு கேட்டுக் கத்துகிறார். மூத்த மகள் கொனெரிலின் வேலைக்காரன் ஆஸ்வல்ட் கண்டுகொள்ளாமல் போகிறான். “நான் யார்?” என்று கேட்டால், “எங்கள் எஜமானியின் அப்பா” என்கிறான். நாடகத்திலேயே எனக்கு மிகவும் வலிக்கும் பதில் அது. ஆனால் ஆஸ்வல்டைத் திமிர் பிடித்தவனாக மட்டும் நடிக்க விடாதீர்கள். கிழவரிடம் அசட்டையாக நடந்துகொள் என்று முந்திய காட்சியிலேயே கொனெரில் அவனுக்குச் சொல்லிவிட்டாள். தோட்ட நிர்வாகியான துரையின் முகம் பார்த்து நடந்த எழுத்தர் கிராணியைப் போல, அவனும் சொன்னதைத்தான் செய்கிறான்.

அப்புறம் உடம்பு. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்ற பாட்டிகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து வந்து, “பாட்டி, துரை வந்தா எப்படி நிப்பீங்க?” என்று கேளுங்கள். எங்களுக்குக் காட்டிய பாட்டி தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்தார். பார்வையைத் துரையின் முழங்கால் உயரத்தில் நிறுத்தினார். பிள்ளைகள் அந்தப் பார்வையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பாட்டிக்குத் தேத்தண்ணி கொடுத்து, வீடுவரை கொண்டுபோய் விடுங்கள்.

லியரின் 100 வீரர்களுக்கு ஐந்து பேர் போதும். மகள்கள் பேரம் பேசப் பேச 50, 25, 10, 5 என்று இறங்கி, ஒருவன்கூட எதற்கு என்று இரண்டாம் மகள் ரீகன் கேட்பாள். ஒவ்வொரு படிக்கும் ஒருவரை மேடையிலிருந்து அனுப்புங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது மூன்றாம் அங்கத்தின் ஏழாம் காட்சிக்கு. ரீகனின் கணவன் கார்ன்வால், லியருக்கு உதவிய பிரபு குளோஸ்டரின் ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். அடுத்த கண்ணுக்குப் போகும்போது ஒரு வேலைக்காரன், பெயர்கூட இல்லாதவன், கையை நிறுத்தச் சொல்கிறான். சின்ன வயதிலிருந்து உங்களுக்கு ஊழியம் செய்கிறேன், இதைவிட நல்ல ஊழியம் செய்ததில்லை என்கிறான். இதைக் கத்திச் சொல்ல விடாதீர்கள். முழங்கால் உயரத்திலிருந்த பார்வை எஜமானின் முகத்துக்கு ஏற வேண்டும். அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு குடியானவன் எதிர்த்து நிற்பதா என்று ரீகன் கொதித்து, வாளெடுத்துப் பின்னாலிருந்து குத்துகிறாள். அவன் சாகிறான், ஆனால் அவன் கொடுத்த காயத்தில் கார்ன்வாலும் பிழைக்கவில்லை.

அதற்குப் பின், மிச்சமிருக்கும் வேலைக்காரர்கள் குளோஸ்டரின் இரத்தம் வழியும் முகத்துக்குப் போட முட்டை வெள்ளைக்கருவும் சணல் நாரும் கொண்டுவரப் பேசிக்கொள்வார்கள். நாடகத்தின் 1608 பதிப்பில் இது உண்டு, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில் இல்லை. உங்கள் பிரதியில் இருந்தால் வெட்டாதீர்கள்.

கடைசி அங்கத்தில் இன்னொரு பெயரில்லாதவன் வருகிறான். லியரின் கடைசி மகள் கொர்டீலியாவைக் கொல்லச் சொல்லி குளோஸ்டரின் மகன் எட்மண்ட் சீட்டு கொடுத்ததும், மனிதன் செய்யும் வேலையென்றால் செய்கிறேன் என்று போகிறான் இந்தப் படைத்தலைவன். மூன்றாம் அங்கத்தில் செத்த வேலைக்காரனை நடித்த பிள்ளைக்கே இந்த வேடத்தையும் கொடுங்கள். சட்டையை மட்டும் மாற்றட்டும். மீசை ஒட்டி முகத்தை மறைக்க வேண்டாம்; இரண்டு பேரும் ஒரே லயத்து வீட்டு வரிசையிலிருந்து வந்தவர்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும்.