நடிகரைப் பற்றிய விசித்திரப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் திரைப்படச் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சில மாதங்களிலேயே படங்களை அறிமுகம் செய்து பேசவும் கட்டுரை எழுதவும் தொடங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நடிகரின் முகம், வேடம், அடையாளம் ஆகியவற்றைக் கலைத்துப் போடும் படம் என்றால் நாங்கள் எல்லோரும் விழுந்த பள்ளத்திலேயே அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். கைப்பேசியில் பார்க்காதீர்கள், பெயர்களைப் பிழையில்லாமல் எழுதுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

படத்துக்கு விடை கண்டுபிடிப்பது

ஹாலிவுட்டில் வாய்ப்புத் தேடும் நடிகையைப் பற்றி டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘முல்ஹாலண்ட் டிரைவ்’ (2001) திரையிடல் ஒன்று முடிந்து விளக்கு எரிந்ததும், ஓர் இளைஞர் நேராக வெள்ளைப் பலகைக்குப் போனார். முதல் பகுதி, தோற்றுப்போன நடிகை டயானின் கனவு, அதில் வரும் பெட்டி என்ற புதுமுக நடிகை டயான் ஆசைப்பட்ட வடிவம், நீலச் சாவிக்கு இன்ன பொருள் என்று அம்புக்குறிகளோடு வரைந்து முடித்தார். கைதட்டல். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. விடைதான் வந்துவிட்டதே! முதன்முறையாக வந்திருந்த ஓர் அம்மாள், “இவ்வளவும் தெரிந்தால்தான் இந்தப் படத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மறுபடி வரவேயில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

கனவு என்ற விளக்கம் பொய் என்று சொல்லவில்லை. பெருமளவு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் முன்கூட்டியே புதைத்துவைத்த தடயம் என்று நம்புகிறார்களே, அது தவறு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்கான தொடர் ஒன்றின் முதல் அத்தியாயமாகத்தான் லிஞ்ச் இதை எடுத்தார். 1999-இல் தொலைக்காட்சி அதை நிராகரித்தது. பிறகு பிரெஞ்சு முதலீடு கிடைத்து, புதிய காட்சிகளைச் சேர்த்துத் திரைப்படமாக்கினார். ராபர்ட் ஃபார்ஸ்டர் துப்பறியும் அதிகாரியாக ஒரே காட்சியில் தலைகாட்டிவிட்டு மறைவது அந்தத் தொடரின் மிச்சம். அன்றைய பலகையில் அவருக்கும் ஓர் அம்புக்குறி இருந்தது.

டிவிடி வெளியானபோது அதனுடன் லிஞ்ச் கொடுத்த 10 குறிப்புகளைச் சிலர் தேர்வுக்கான கையேடுபோல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றில் ஒன்று, டயான் காதலிக்கும் நடிகை கமிலாவுக்கு உதவியது திறமை மட்டும்தானா என்று கேட்கிறது. நடிகையின் பிழைப்பைப் பற்றிய கேள்வி அது. விடை தேடுகிறவர்கள் அதைத் தாண்டிக் குதித்து, நீலச் சாவிக்கும் அது திறக்கும் நீலப் பெட்டிக்கும் போய்விடுகிறார்கள்.

இந்த அவசரத்தில் அவர்கள் கோட்டைவிடுவது படத்தின் மிகச் சிறந்த காட்சியை. பெட்டி நடிகைத் தேர்வுக்குப் போவதற்கு முன் வீட்டில், நினைவிழந்து அங்கே தங்கியிருக்கும் ரீட்டாவுடன் ஒத்திகை பார்க்கிறாள். மட்டமான வசனம், கையில் கத்தியோடு கத்துகிறாள், இருவரும் சிரித்துவிடுகிறார்கள். தேர்வு அறையில் அதே வசனம். எதிரே வயதான நடிகர் ஒருவர் அவளை நெருங்கி நிற்கிறார். இப்போது அவள் கத்துவதில்லை. அவர் காதோரம் மெல்லிய குரலில் பேசுகிறாள். மிரட்டல் அழைப்பாகிறது, அழைப்பு வெறுப்பாகிறது. அதுவரை பெட்டியாக வரும் நவோமி வாட்ஸ் வெகுளித்தனத்தை மிகையாக நடிக்கிறார் என்று முணுமுணுத்தவர்கள் இங்கே வாயடைத்துப் போவார்கள். அந்த மிகையும் நடிப்புதான் என்று அப்போதுதான் தெரிகிறது. ஒரே வரியை ஒரு நடிகை இரண்டு விதமாகச் சொல்லும்போது அவள் யார் என்பதே மாறிவிடுகிறது. இதைப் பேசாமல் நீலப் பெட்டியைப் பேசி என்ன பயன்?

அதே படத்தின் நள்ளிரவு அரங்கக் காட்சியும் அப்படித்தான். இங்கே இசைக்குழுவே இல்லை, எல்லாம் ஒலிப்பதிவு என்று அறிவிப்பாளர் முன்பே சொல்லிவிடுகிறார். ஆனாலும் பாடகி பாடும்போது நாம் கலங்குகிறோம். அவர் சுருண்டு விழுந்த பிறகும் பாட்டு தொடர்கிறது. எதற்காகக் கலங்கினோம் என்று கேட்டுப் பாருங்கள், பலகை தேவைப்படாது.

திரும்ப வருவதைக் கோளாறு என்று நினைப்பது

இங்மர் பெர்க்மனின் ‘பெர்சோனா’வில் (1966) படச்சுருள் கிழிந்து எரிவதுபோல் ஓர் இடம் வரும். எங்கள் அரங்கில் புரொஜெக்டரைக் கவனித்துக்கொண்டிருந்த பையன் பதறிப்போய்ப் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டான். மறுபடியும் எரிந்தது. அவன்மேல் குற்றமில்லை, அந்தப் பதற்றம் பெர்க்மனுக்கு வேண்டியதுதான்.

பிற்பகுதியில், பேச்சை நிறுத்திவிட்ட நடிகையிடம் அவளைக் கவனிக்கும் செவிலி பேசும் ஒரு நீண்ட பேச்சு, சொல் மாறாமல் இரண்டு முறை வருகிறது. அதைத்தான் பலரும் அலுத்துக்கொண்டு தள்ளி ஓட்டுகிறார்கள். முதல் முறை கேமரா கேட்பவளின் முகத்தில் நிற்கிறது, இரண்டாம் முறை பேசுபவளின் முகத்தில். பேசாமலிருக்கும் நடிகையாக லிவ் உல்மான் கேட்பதும் பேசுவதற்கு ஈடான நடிப்பு. தள்ளி ஓட்டினால் பாதிப் படம் போயிற்று.

‘நிஜமான ஆஸ்கார் யார்?’

ஒரே நாளில் பல வேடங்கள் போடும் ஆஸ்கார் என்ற மனிதரைப் பற்றிய ‘ஹோலி மோட்டார்ஸ்’ (2012) பார்த்தவர்கள் கேட்பது. லிமோசினுக்குள் வேடம் மாற்றுகிறவர்தான். வேறு ஆளைத் தேடாதீர்கள்.

நடிகரின் பழைய முகம் தெரியாமல் எழுதுவது

அதே படத்தில் லிமோசினை ஓட்டும் எடித் ஸ்கோப் இறுதியில் ஒரு முகமூடியை அணிகிறார். 1960-இல் ‘முகமில்லாத கண்கள்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் ஏறக்குறைய முழுக்கவே முகமூடியோடு நடித்தவர் அவர். இது தெரியாவிட்டால் அந்தக் காட்சி வெறும் கிறுக்குத்தனமாகத் தெரியும். இவ்வகைப் படங்களில் நடிகர் முன்பு ஏற்ற பாத்திரங்களும் திரைக்கதையில் சேர்ந்தவை.

அனிமேஷன்தானே என்று குழந்தைகளை அழைத்து வருவது

பாடகி ஒருத்தி நடிகையாவதைச் சொல்லும், வன்முறை நிறைந்த ஜப்பானியப் படமான ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’வுக்கா? வேண்டவே வேண்டாம்.

‘அன்றே சொன்ன படம்’ என்று எழுதுவது

அரி ஃபோல்மனின் ‘த காங்கிரஸ்’ (2013) படத்தில் ராபின் ரைட், ராபின் ரைட்டாகவே வருகிறார். தன் உடலையும் முகபாவங்களையும் கணினியில் பதிந்துகொள்ள ஸ்டூடியோவுக்கு விற்றுவிட்டு, இனி நடிப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது டிஜிட்டல் நகல்களும் பேச்சுவார்த்தையில் இருந்தன. உடனே ‘அன்றே சொன்ன படம்’ என்று கட்டுரைகள் வரத் தொடங்கின.

ஜோசியம் பலித்தது என்பதற்குமேல் அவற்றில் ஒன்றுமில்லை. படத்துக்கு மூலமான ஸ்தனிஸ்லாவ் லெம்மின் நாவலில் இந்த நடிகையின் கதையே கிடையாது. அது ஃபோல்மன் சேர்த்தது. எதற்காகச் சேர்த்தார் என்பது பதிவு நடக்கும் காட்சியில் தெரியும். விளக்குகள் சூழ்ந்த கூண்டில் நிற்கும் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் தானாக வரவில்லை. முகவராக வரும் ஹார்வி கைடெல் ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறார், அந்தக் கதையாலேயே அழவும் வைக்கிறார். இயந்திரத்துக்குக் கொடுப்பதற்குக்கூட எதிரே ஒரு மனிதர் தேவைப்படுகிறார். கட்டுரையை வேலைநிறுத்தத்தில் தொடங்காமல் அந்தக் கூண்டிலிருந்து யாராவது தொடங்கினால், நான் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.