டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு ஒரு பாட்டு, ஒரு படம்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோடு கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும், பிள்ளைகளின் உற்சாகம் அடங்குவதற்குள் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட ஆரம்பித்துவிடுங்கள். 1857ல் வெளியான அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, பனியில் வண்டி ஓட்டும் குஷிதான். சாவிக்கொத்தைக் குலுக்கினால் மணி ரெடி.

அப்புறம் 1982ல் வந்த ‘தி ஸ்னோமேன்’ (பனிமனிதன்) கார்ட்டூன் படத்தைப் போடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. கதைக்குள் ஒரு பாட்டைத் தவிரப் பேச்சே இல்லை, நமக்கு அதுதான் ரொம்ப வசதி, பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே கதை சொல்லிக்கொண்டு போகலாம். பனி எப்படி இருக்கும் என்று கேட்டால், ஐஸ் கச்சாங்குக்குச் சீவிய ஐஸை ஒரு கரண்டி உள்ளங்கையில் வையுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழியட்டும்.

கடைசியில் பனிமனிதன் உருகிவிடுவான். சின்னதுகள் அழும். டிவியை உடனே அணைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.