டி-வெக் ஊசி நாள்: கிளினிக்குக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

இங்கிலாந்தில் தோல் புற்றுநோய் கிளினிக்கில் சேரும் நம்மூர் நர்ஸ் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இந்த வைரஸ் ஊசியைப் பற்றித்தான். கீமோ கொடுத்துப் பழகிய கைகூட இதற்குத் தயங்கும். நாகர்கோவிலில் இருக்கும் என் அம்மா, "வியாதிக்காரங்க உடம்புல கிருமியையா ஏத்துறீங்க?" என்று இன்னும் கேட்பாள். ஆமாம்மா, அதையேதான் ஏத்துறோம்.

டாலிமோஜீன் லாஹெர்பாரெப்வெக் என்பது முழுப்பெயர். கிளினிக்கில் டி-வெக் என்றால் போதும். கட்டிக்குள்ளேயே நேராகக் குத்துகிற மருந்து இது. உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் ஹெர்பீஸ் வைரஸில் இரண்டு மரபணுக்களை எடுத்துவிட்டு, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்துக்கான மரபணுவைச் செருகியிருக்கிறார்கள். எடுத்ததில் ஒன்று ஐசிபி34.5. அது இல்லாமல் வைரஸ் நல்ல செல்லுக்குள் நுழைந்தால், செல் தன் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். வைரஸ் பெருக வழியில்லை. புற்றுநோய் செல்கள் பலவற்றில் இந்தத் தற்காப்பு கெட்டுப்போயிருக்கும். அங்கே பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சிதறியதைப் பார்த்துக் கட்டியை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களை ஜிஎம்-சிஎஸ்எஃப் அங்கே வரவழைக்கும்.

அமெரிக்காவில் 2015 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இங்கே 2016 செப்டம்பரில், எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு ஒப்புக்கொண்டது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குத்தான், ஆனால் எல்லா மெலனோமாவுக்கும் அல்ல. அறுத்து எடுக்க முடியாத, ஆனால் எலும்பு, மூளை, நுரையீரல், மற்ற உள்ளுறுப்புகளுக்குப் பரவாத நிலைக்கு, அதுவும் உடல் முழுக்கப் போகும் இம்யூனோதெரபி (எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) ஒத்துவராதவர்களுக்கு மட்டும்.

ஊசி நாளன்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தாலோ இந்த மருந்தைத் தொடக்கூடாது. சங்கடப்படாமல் இன்சார்ஜிடம் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் வருவார். அப்புறம் நோயாளியிடம்: எதிர்ப்புச் சக்தி பெரிதாகக் குறைந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் ஊசி கிடையாது. ஸ்டீராய்டு ஏதாவது போகிறதா, அசைக்ளோவிர் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். ஹெர்பீஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் இந்த வைரஸையும் அடக்கும், மருந்து வீணாகும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோவில் இருப்பவர் யாராவது உண்டா என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கட்டு மாற்றும் பேச்சு வரும்போது தேவைப்படும்.

மருந்து மைனஸ் 70 முதல் 90 டிகிரியில் உறைந்திருக்கும். அறை வெப்பத்தில் தானாக உருகட்டும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்கு மேலும் ஆகும், ஆகவே நோயாளி வருவதற்கு முன்பே ஃபார்மசிக்கு போன் போடுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் வைக்கிற வேலை வேண்டாம். குலுக்காதீர்கள், மெதுவாகச் சுழற்றினால் போதும். உருகியதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது. குப்பிக்குள் வெள்ளை வெள்ளையாகத் துகள் தெரிந்தால் பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதில் இருப்பதே வைரஸ்தான்.

மூடியின் நிறத்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும். வெளிர் பச்சை மூடி ஒரு மில்லிக்கு பத்து லட்சம் வைரஸ், முதல் தடவைக்கு மட்டும். நீல மூடி பத்துக் கோடி. முதல் ஊசிக்கு மூன்று வாரம் கழித்து நீலம், அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீலமே. ஹெர்பீஸையே பார்த்திராத உடம்பு முதலில் சின்ன அளவில் பழகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

ஒரு நாளில் மொத்தம் 4 மில்லிக்கு மேல் போகாது. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி ஒன்றே அத்தனையும் குடித்துவிடும், அரை செ.மீ. கட்டிக்கு 0.1 மில்லி. முதல் நாளில் பெரிய கட்டியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த தடவைகளில் புதிதாக முளைத்தவை முதலில், அப்புறம் அளவு வரிசை.

ஊசி குத்துவதில்தான் கை பழக வேண்டும். மரத்துப்போகும் மருந்தைக் கட்டியைச் சுற்றிப் போடுங்கள், உள்ளே அல்ல. ஒரே துளையில் நுழைந்து, ஊசியை முழுக்க வெளியே எடுக்காமல் சற்றுப் பின்னிழுத்து, திசை மாற்றி, விசிறி விரித்தாற்போல நாலு பக்கமும் மருந்தைப் பரப்ப வேண்டும். இறுகிய கட்டியில் பிஸ்டன் நகராது. அழுத்தினால் மருந்து துளைவழியே பீறிட்டு வரும். கண்ணாடி போடச் சொல்வது அதற்குத்தான். நிதானமாகத் தள்ளுங்கள், கடைசியில் ஊசியை மெதுவாக உருவுங்கள். வெளியே எடுத்த ஊசி மறுபடி உள்ளே போகக்கூடாது, அடுத்த கட்டிக்குப் புது ஊசி.

உடனே காஸ் வைத்து அரை நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, கிளவுஸை மாற்றிவிட்டு, உறிஞ்சும் பேட் வைத்து, காற்றுப் புகாத டிரெஸ்ஸிங்கால் மூடுங்கள். பழைய கிளவுஸோடு டிரெஸ்ஸிங் ஒட்டுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படி ஒட்டினால் வைரஸ் வெளிப்பக்கம் உட்கார்ந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும். ஒட்டியபின் வெளிப்புறத்தையும் ஒருமுறை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

வீட்டில் எட்டு நாளுக்குக் குறையாமல் மூடியிருக்க வேண்டும், கசிந்தால் இன்னும் அதிக நாள். மாற்றுபவர் கிளவுஸ் போட்டு, கழற்றியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடட்டும். கர்ப்பிணி மகளோ மருமகளோ இதைச் செய்யவே கூடாது என்று குடும்பத்தாரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். நம்மாட்கள் வீட்டில் கட்டு மாற்றும் வேலை யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

குளிர், காய்ச்சல், அசதி வரும். பெரும்பாலும் பாராசிட்டமாலுக்கு அடங்கும். உதட்டிலோ விரலிலோ கொப்புளம் கண்டால், கண் சிவந்து வலித்தால், டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

பலனைப் பற்றிக் கேட்டால் கூட்டிச் சொல்லாதீர்கள். 436 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆறு மாதமாவது நீடித்த பலன் கண்டவர்கள் டி-வெக்கில் 16.3 சதவீதம், ஜிஎம்-சிஎஸ்எஃப் ஊசி மட்டும் போட்டவர்களில் 2.1. குத்திய கட்டிகள் நன்றாகச் சுருங்கும், உள்ளுறுப்புக் கட்டிகள் அவ்வளவாக அசைவதில்லை. பெம்ப்ரோலிஸுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வும் கூடுதல் பலன் காட்டவில்லை.

பலன் கண்டவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு முதலில் கட்டி வீங்கியது, அல்லது புதிதாக ஒன்று வந்தது. அந்தக் கட்டத்தில் "மருந்து கேக்கலை, நிறுத்திடலாம்" என்று வீட்டார் சொல்வார்கள். வேறு சிகிச்சை உடனே தேவைப்படாதவரை ஆறு மாதமாவது தொடர்வதுதான் வழக்கம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, கட்டிக்கு நம்பர் போட்டு உடல் படத்தில் குறியுங்கள். எந்தக் கட்டிக்கு எத்தனை மில்லி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.