பயறுப் பந்தலில் அசுவினியா? பொறிவண்டைக் கொண்டு கட்டுப்படுத்தும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கொல்லையில் கொடிப்பயறுப் பந்தல் உண்டு. மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் அதன் தளிரிலும் பூக்காம்பிலும் பிஞ்சிலும் செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றியே நேரடியாகக் குஞ்சு ஈனுவதால், சில நாள்களிலேயே தண்டு முழுவதும் கருத்துவிடுகிறது. இரசாயன மருந்து தெளித்தால் அசுவினியோடு அதைத் தின்னும், முதுகில் புள்ளிகள் உள்ள சிறு வண்டான பொறிவண்டும் மடிகிறது. அசுவினி விரைவில் மீண்டு வரும், பொறிவண்டு அவ்வளவு விரைவில் வராது.

முதலில் பொறிவண்டின் புழுவை அடையாளம் காணப் பழகுங்கள். வண்டைத் தெரிந்தவர்கள்கூடப் புழுவைத் தீமை செய்யும் பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். அது குட்டி முதலையைப் போல நீண்டு, கருமை நிறத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் திட்டுகளுடன், ஆறு கால்களால் வேகமாக ஊரும். முட்டைகள் மஞ்சள் நிறத்தில், நட்டுவைத்த நெல்மணிகள்போல, இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக இருக்கும். கத்தரியிலும் பாகலிலும் இலையைச் சுரண்டித் தின்னும் வண்டு வேறு: அதன் முதுகு மென்மயிரால் மங்கலாகவும், அதன் புழு மஞ்சளாக உடலெங்கும் முட்களோடும் இருக்கும். அதை மட்டும் பொறுக்கி அழிக்கலாம்.

அடுத்தது எறும்பு. அசுவினி கழிக்கும் தேன்போன்ற திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, பொறிவண்டையும் அதன் புழுவையும் விரட்டுகின்றன. எறும்பைத் தடுக்காமல் பொறிவண்டை எதிர்பார்ப்பது வீண் என்பதே என் உறுதியான கருத்து. பந்தற்கால்களில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பயறின் தண்டில் நேரடியாகத் தடவ வேண்டாம். பயறுச் செடி தானே இலைக்காம்பருகில் இனிப்பு நீர் சுரப்பதால், எறும்பு இருக்கும் இடமெல்லாம் அசுவினி இருக்கும் என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

பொறிவண்டு கொல்லையில் இல்லையென்றால், வேலியோரத்து எருக்கஞ்செடியைப் பாருங்கள். அதில் மஞ்சள் அசுவினியும் அதைத் தேடி வந்த பொறிவண்டும் அடிக்கடி இருக்கும். எருக்கின் அசுவினி பயறில் தங்காது. ஆகவே அந்தச் செடியை வெட்டாமல் விட்டுவைப்பது நல்லது. வண்டைப் பிடித்து வந்தால் பறந்துவிடும் என்பதால், புழுக்கள் உள்ள இலையை மாலை நேரத்தில் பறித்து வந்து, அசுவினி மிகுந்த தளிரருகே செருகிவையுங்கள். பசித்த புழுக்கள் ஒன்றையொன்று தின்னக்கூடும். எனவே ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்து வையுங்கள்.

இதற்குப்பின் பொறுமை வேண்டும். முட்டை பொரிய 3 அல்லது 4 நாளாகும். புழு கூட்டுப்புழுவாகி வண்டாக மேலும் இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் அசுவினி மிஞ்சினால், காலையில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள்; புழு உள்ள தளிரை மட்டும் விட்டுவிடுங்கள். யூரியாவைக் குறையுங்கள், ஏனெனில் தழைச்சத்து மிகுந்த இளந்தளிரில் அசுவினி பெருகும். இலை தேமல் கண்டு சுருங்கிய கொடியை வேரோடு அகற்றுவதில் தயக்கம் கூடாது. அசுவினி வைரஸ் நோயையும் பரப்பும். பழுப்பாக உப்பி அசையாமல் கிடக்கும் அசுவினிகளைத் தொடாதீர்கள். அவற்றுக்குள் நமக்கு உதவும் சிறு குளவிகள் வளர்கின்றன.

வேறு வழியில்லையெனில் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, புழு இல்லாத கொடிகளில் மட்டும் மாலையில் தெளிக்கலாம். சாம்பல் தூவும் பழக்கமுள்ளவர்கள் பொறிவண்டுப் புழு தென்பட்டதும் அதை நிறுத்திவிடுவது நலம்.

காய்ப்பு முடிந்த கொடியை உடனே எரிக்க வேண்டாம். காய்ந்த இலைகளில் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருக்கும். கொடிகளை ஒரு வாரம் புதிய நாற்றுகளின் அருகே கிடத்திவைத்து, வண்டுகள் வெளியேறிய பின்பு உரக்குழியில் சேருங்கள்.