அந்த ஓட்டல் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்

1972-இல் வந்த கொப்போலாவின் 'தி காட்ஃபாதர்' படத்தில், மைக்கேல் (அல் பசினோ) ஓட்டலில் இரண்டு பேரைச் சுடும் இடம். பார்த்தவர்கள் எல்லோரும் "செம டென்ஷன்" என்பார்கள். அந்த டென்ஷன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாமே தோண்டிப் பார்க்கலாம். ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம் போதும்.

படி 1: நேராக ஓட்டலுக்குப் போகாதீர்கள். கொஞ்சம் பின்னால் போய், எப்படிச் சுட வேண்டும் என்று மைக்கேலுக்குச் சொல்லித்தரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள்: துப்பாக்கி கழிவறைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும், வெளியே வந்ததுமே சுட வேண்டும், தலையில் ஆளுக்கு இரண்டு குண்டு, கடைசியில் துப்பாக்கியைக் கீழே நழுவவிட வேண்டும்.

படி 2: இப்போது காட்சியை ஓடவிட்டு, எதையெல்லாம் அவன் மீறுகிறான் என்று குறியுங்கள். பெரிய மீறல் ஒன்று உண்டு. வெளியே வந்தவன் சுடவில்லை, மறுபடி வந்து உட்கார்ந்துவிடுகிறான்! திட்டம் நமக்கும் தெரியும் என்பதால்தான் அந்த உட்காரல் வயிற்றைப் பிசைகிறது. படி 1-ஐத் தவிர்த்தவர்களுக்கு இது கிடைக்காது.

படி 3: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எனக்குப் பிடித்த படி இதுதான். பின்னணி இசை துளியும் கிடையாது. அதற்குப் பதில் ரயில். கழிவறையில் துப்பாக்கியைத் தடவித் தேடும்போது ஒருமுறை கடகடக்கும். அப்புறம் சொலொட்சோ (சுடப்படப்போகும் இருவரில் ஒருவன்) பேசிக்கொண்டே போக, அதே இரைச்சல் ஏறி ஏறி, சக்கரம் கிறீச்சிட்டு, அவன் பேச்சையே விழுங்கிவிடும். படத்தில் ரயில் கண்ணில் படவே படாது. ஒலியமைப்பில் பணியாற்றிய வால்டர் மர்ச்சின் யோசனை அது. மைக்கேலின் தலைக்குள் ஓடுவதைத்தான் நாம் கேட்கிறோம். நினோ ரோட்டாவின் இசை எப்போது நுழைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: எல்லாம் முடிந்து, துப்பாக்கி கீழே விழுந்த பிறகு.

படி 4: வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, மைக்கேலின் கண்களை மட்டும் பாருங்கள். கேமரா மெல்ல நெருங்கும். விழிகள் அங்குமிங்கும் அலையும், ஆனால் எதையும் பார்க்காது. பசினோவுக்கு அங்கே வசனம் ஒன்றுமே இல்லை.

கவனிக்க: இத்தாலிய மொழியில் பேசும் பகுதிக்கு மூலப்படத்தில் சப்டைட்டில் கிடையாது. உங்கள் பிரதியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். புரியாமல் முழிப்பதும் காட்சியில் ஒரு பகுதிதான்.

படி 5: இனி உங்கள் முறை. நீங்கள் படமாக்க நினைக்கும் கதையில் ஒரு பதற்றமான இடத்தை எடுங்கள். இசையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இயல்பாகக் கேட்கக்கூடிய ஒரே ஒரு சத்தத்தைப் போடுங்கள். மிக்ஸி, ஃபேன், குழாய்த் தண்ணீர், எதுவானாலும் சரி. கழிவறையில் கேட்ட ரயிலைப் போல, அதை முன்னாலேயே ஒருமுறை லேசாகக் கேட்க வைத்துவிடுங்கள்.