ஆற்றோர மொபைல் ஹோம் பார்க்கை வெள்ளத்துக்கு முன் காலி செய்வது: திட்டம் போடும் முறை

அமெரிக்காவில் பேச்சுவழக்கில் மொபைல் ஹோம் என்றாலும் அந்த வீடு நகர்வது அபூர்வம். அப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்புதான் பார்க். தொழிற்சாலையில் இரும்புச் சேசிஸ் மேல் கட்டி, லாரியில் இழுத்து வந்து, கான்கிரீட் பிளாக் அடுக்கிய தூண்களில் ஒருமுறை இறக்கிவிட்டால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் அதன் ஆயுள் முடிகிறது. பல வீடுகளில் ஆக்சிலையும் டயரையும் அன்றைக்கே கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள். ஆகவே திட்டம் முதலில் ஆட்களுக்கு. வீட்டை நகர்த்துவது தனிக் கணக்கு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வீட்டுக்குள்ளேயே இருந்து சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 14 அடி அகலம், 66 அடி நீளமுள்ள வீட்டின் பரப்பு 924 சதுர அடி. ஒரு கன அடி தண்ணீரின் எடை 62.4 பவுண்டு. வீட்டின் அடிப்பாகம் ஒரு அங்குலம் முங்கினால் அதை மேலே தள்ளும் விசை சுமார் 4,800 பவுண்டு. வீடு 30,000 பவுண்டு எடை என்றால் ஆறேகால் அங்குலத்தில் மிதக்கத் தயாராகிவிடும். தண்ணீர் உள்ளே கசிந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அதன்பின் வீட்டைப் பிடித்திருப்பவை ஸ்ட்ராப்பும் மண்ணில் திருகிய நங்கூரமும் மட்டுமே. ஊறிய மண்ணில் நங்கூரத்தின் பிடியும் தளரும். 2013 செப்டம்பரில் கொலராடோ மாநிலம் எவன்ஸ் நகரில் சவுத் பிளாட் ஆற்று வெள்ளம் இரண்டு பார்க்குகளை வாழ முடியாதபடி அழித்துவிட்டது.

சாலை எப்போது முங்கும்?

திட்டத்தின் அடித்தளம் இந்த ஒரு எண்தான். பலரும் வீட்டுத் தரையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் பல பார்க்குகளில் வீடுகளுக்கு முன்பே வெளியேறும் பாதை முங்கிவிடும், அதுவும் சிறு ஓடையைக் கடக்கும் குழாய்ப் பாலத்தின் அருகில். ஓடும் தண்ணீர் 12 அங்குலம் இருந்தால் சிறிய காரை இழுத்துவிடும். 6 அங்குலம் போதும், நடப்பவரைச் சாய்த்துவிடும். ஆகவே சாலையின் மிகத் தாழ்ந்த புள்ளியில் தண்ணீர் தொடும்போது அருகிலுள்ள ஆற்றுக் கேஜ் (நீர்மட்டத்தை அளக்கும் நிலையம்) என்ன காட்டும் என்று கண்டுபிடியுங்கள்.

கேஜின் இணையப் பக்கத்தில் இருக்கும் ஆக்‌ஷன், மைனர், மாடரேட், மேஜர் என்ற வெள்ள நிலைகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை கேஜைச் சுற்றியுள்ள பகுதியின் சேதத்தை வைத்து வகுத்தவை. அங்கே மைனர் என்னும்போதே உங்கள் சாலை முழங்கால் அளவு முங்கியிருக்கலாம். இன்னொரு சிக்கல்: ஆற்றின் நீர்மட்டம் சரிவாக இருக்கும். கேஜ் உங்களுக்குக் கீழே சில மைல் தள்ளி இருந்தால், பார்க்கில் நீர்மட்டம் கேஜ் காட்டுவதைவிட உயரத்தில் நிற்கும். சர்வேயரை வைத்து சாலையின் உயரத்தை அளப்பதோடு, ஆறு ஏறும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் எதுவரை வந்தது என்று நேரம் தெரியும்படி படம் எடுத்து, அதே நேரத்துக் கேஜ் அளவையும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறை குறித்தாலே ஓரளவு சரியான எண் கிடைத்துவிடும். அதை நுழைவாயில் கம்பத்தில் பெயிண்டால் எழுதுங்கள்.

முன்னறிவிப்பை வைத்து முடிவெடுக்கும்போது கூடுதல் இடைவெளி வையுங்கள். 1997 ஏப்ரலில் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ரெட் ரிவர் 49 அடி வரை ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். ஏறியது 54 அடிக்கு மேல்.

பின்னோக்கிக் கணக்கு

40 வீடு, ஒரே வாசல் உள்ள பார்க்கை எடுத்துக்கொள்வோம். இருவர் இருவராக நான்கு குழு, குழுவுக்குப் பத்து வீடு, வீட்டுக்கு ஐந்து நிமிடம்: கதவு தட்டி முடிக்க 50 நிமிடம். கடைசி வீட்டுக்காரர் மூட்டை கட்டிக் கிளம்ப ஒரு மணி நேரம். கார் இல்லாதவர்களை வேனில் இரண்டு நடையாகக் கொண்டுபோக, போய்வர 45 நிமிடம் வீதம், ஒன்றரை மணி. வேன் முதல் நடையைக் கதவு தட்டும்போதே தொடங்கினால் மொத்தம் இரண்டு மணிக்குள் முடியும். இரவு என்றால் இன்னொரு மணி நேரம் கூட்டுங்கள். ஆக மூன்று மணி நேரம். சாலை முங்குவதற்கு மூன்று மணி முன்பு ஆறு எந்த அளவில் இருக்குமோ அதுதான் வெளியேற்ற உத்தரவின் எண். உங்கள் ஆறு அதைவிட வேகமாக ஏறும் என்றால், அல்லது கேஜே இல்லாத மலையோடை என்றால், எண்ணை விட்டுவிட்டு 'ஃப்ளாஷ் ஃப்ளட் வாட்ச்' (திடீர் வெள்ளம் வரக்கூடும் என்ற அறிவிப்பு) வந்ததுமே நடக்க முடியாதவர்களையும் கார் இல்லாதவர்களையும் அனுப்பிவிடுங்கள். 'வார்னிங்' (வெள்ளம் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது என்ற எச்சரிக்கை) வரும்வரை காத்திருந்தால் நேரம் போதாது.

வீட்டுவாரிப் பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும்: வீட்டு எண், ஆள் எண்ணிக்கை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி, டயாலிசிஸ் நாட்கள், பேசும் மொழி, வண்டி, நாய் பூனை, இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குபவர் யார் என்பது. வசந்தத்துக்கு முன்னும் இலையுதிர் காலத்திலும் சரிபாருங்கள். கதவு தட்ட அக்கம்பக்கத்தவரையே போடுங்கள். பல பார்க்குகளில் குடியேறிகள் அதிகம்; சீருடையைப் பார்த்தால் அவர்களில் பலர் கதவைத் திறக்கத் தயங்குவார்கள். செல்லப்பிராணியை ஏற்கும் முகாம் எது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுபவர் எல்லாப் பார்க்கிலும் உண்டு, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவு எச்சரிக்கைக்கு பேட்டரியில் ஓடும் நோவா (அமெரிக்க அரசின் வானிலை அமைப்பு) வானிலை ரேடியோ குழுவுக்கு ஒன்று வேண்டும்.

கிளம்பும்போது புரொப்பேன் எரிவாயு டாங்க் வால்வை வலப்புறம் திருகி மூடுங்கள். டாங்க் மிதந்து குழாயைப் பிய்க்கும்; அதை முன்பே ஸ்ட்ராப் போட்டு நங்கூரமிட்டிருக்க வேண்டும். கரன்ட் பிரேக்கரை நிற்கும் இடம் உலர்ந்திருந்தால் மட்டும் அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு தொடவே கூடாது.

வண்டிகளும் வீடுகளும்

பார்க்கில் ஆர்.வி. டிரெய்லர்கள் (வண்டியில் இழுத்துப் போகும் பயண வீடுகள்) இருந்தால் அவை முதல் எச்சரிக்கையிலேயே போய்விட வேண்டும். வெள்ள மண்டலத்தில் 180 நாளுக்கு மேல் நிற்கும் ஆர்.வி., உரிமம் பெற்று, சக்கரத்தில் நின்று, எளிதில் கழற்றும் இணைப்புகளோடு, நிரந்தரத் தாழ்வாரம் ஏதும் இல்லாமல் சாலைக்குத் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மொபைல் ஹோம் போல உயர்த்தி நங்கூரமிட வேண்டும் என்பது ஃபீமா (அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு) விதி. தாழ்வாரம் கட்டிவிட்டவர்கள் கடைசி நேரத்தில் இழுக்கப் பார்த்து ஒரே வாசலை அடைத்துவிடுவார்கள். இதை மாதாமாதம் சுற்றிப் பாருங்கள்.

வீட்டையே நகர்த்த அதற்கு உரிமம் பெற்ற நிறுவனம், அகலச் சுமைக்கான மாநிலப் பெர்மிட், இழுக்கும் டிரக், பல இடங்களில் முன்னும் பின்னும் வழிகாட்டி வண்டி, ஆக்சில், டயர், இழுவைக் கொக்கி, போய் இறங்க ஓர் இடம் இத்தனையும் வேண்டும். ஸ்கர்ட்டிங் (வீட்டின் அடிப்பாகத்தைச் சுற்றி மூடும் தகடு), படிக்கட்டு, ஏ.சி., குழாய், ஸ்ட்ராப் எல்லாம் கழற்ற வேண்டும். இரண்டு பாதிகளை இணைத்த இரட்டை வீடு என்றால் நடு இணைப்பில் பிரித்து, திறந்த பக்கத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூட வேண்டும். பெரும்பாலும் பகலில்தான் இழுக்க அனுமதி. மூன்று மணி நேரத்தில் நடக்கிற வேலை இல்லை. பனி உருகி வாரக்கணக்கில் ஏறும் ஆறுகளில் மட்டும் இது சாத்தியம். 1976 ஜூனில் ஹட் (அமெரிக்க வீட்டுவசதித் துறை) கட்டுமான விதி வருவதற்கு முன் கட்டிய வீடுகளுக்கு இழுப்பே ஆபத்து; சேசிஸை ஆள் வைத்துச் சோதிக்காமல் தொடாதீர்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டில் உடைமையைப் பாதுகாப்பாக நகர்த்தும் செலவுக்கு 1,000 டாலர் வரை கிடைக்கும், வேறிடத்தில் 45 நாள் காப்பும் உண்டு. வீட்டை இழுக்கும் கூலிக்கு அது போதாது. மரச்சாமானையும் ஃபிரிட்ஜையும் மேட்டுக்கு ஏற்ற உதவும்.

இந்த வீடுகளில் குடியிருப்பவர் பெரும்பாலும் வீட்டுக்கு மட்டுமே சொந்தக்காரர். மனையும் சாலையும் பார்க் முதலாளியுடையவை. ஆகவே திட்டத்தில் முதலாளி கையெழுத்திட வேண்டும், ஒரு பிரதி கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அவசரகால அதிகாரியிடம் இருக்க வேண்டும். இரண்டாவது வாசலுக்குப் பக்கத்து நிலக்காரரின் வேலிக்கதவு பயன்படும் என்றால் அந்தச் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி, பூட்டுச் சாவி இரண்டு குழுக்களிடம் இருக்கும்படி செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடத்துங்கள், அதுவும் இருட்டில். வேன் ஓட்டுபவர் சொன்ன 45 நிமிடம் உண்மையா என்பது அப்போதுதான் தெரியும்.